கப்பலேறுமுன் செய்யத்தக்க கிரியைகள்: ஒரு விசா மீமாம்சை

கடல் கடந்து மீண்டவன் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த விதி எப்போது வழக்கொழிந்தது என்று கேட்டால், இரயிலும் தந்தியும் வந்தபோது என்று சிலரும், சீமைக்குப் போய்ப் பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பியவர்கள் பெருகியபோது என்று சிலரும், அப்படியொரு விதி இருந்ததே தமக்குத் தெரியாது என்று பெரும்பாலோரும் விடை சொல்வார்கள். மூன்று விடைகளும் பிழை என்று நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விதி ஒழியவில்லை, திரும்பிவந்தபின் செய்ய வேண்டியிருந்த கிரியை, புறப்படுமுன் செய்ய வேண்டியதாக இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. தர்ப்பைக்குப் பதிலாகக் காகிதமும், புரோகிதருக்குப் பதிலாக ஏஜெண்டும், பஞ்சகவ்வியத்துக்குப் பதிலாக வருமான வரிக் கணக்கும் வந்திருக்கின்றன; பெயரும் மாறிச் சுற்றுலா விசா என்றாகியிருக்கிறது. சென்ற வருஷம் நானும் என் மனைவியும் ஏஜியன் கடலில் நான்கு இரவுகள் உல்லாசக் கப்பலில் உலவிவர விரும்பி, அந்நான்கு இரவுகளின் பொருட்டு நான்கு மாத காலம் சென்னையில் பட்ட பாடுகளை ஒருவாறு வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் இவ்வுண்மை எனக்குப் புலப்பட்டது.

மூல சாஸ்திரத்தை முதலில் நோக்குவோம். போதாயன தர்மசூத்திரம், பிராமணனைப் பதிதனாக்கும் குற்றங்களை எண்ணத் தொடங்கும் இடத்தில் கடற்பிரயாணத்தையே முதலாவதாக வைக்கிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அபகரிப்பதுகூட அதற்குப் பின்னால்தான் வருகிறது. இக்குற்றத்துக்கு அந்நூல் விதிக்கும் கழுவாய் வருமாறு: நான்கு வேளைக்கு ஒரு வேளை, அதுவும் அளவோடு, உண்ண வேண்டும், காலை, நண்பகல், மாலை ஆகிய முப்போதும் நீராட வேண்டும், பகலை நின்றும் இரவை உட்கார்ந்தும் கழிக்க வேண்டும், இவ்வாறு மூன்று வருஷம் ஒழுகினால் பாபம் நீங்கும். இதைப் படித்த மாத்திரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனெனில், பகலெல்லாம் விசா விண்ணப்ப நிலையத்தின் வாசலில் நின்றேன். நள்ளிரவுக்கு மேல்தான் சந்திப்புக்கான இடங்கள் திறக்கும் என்று ஏஜெண்ட் சொன்ன சொல்லை நம்பி, இரவெல்லாம் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். வரிசையை விட்டு நகர்ந்தால் முறை தவறிவிடும் என்ற அச்சத்தால் நான்கு வேளைக்கு ஒரு வேளைதான் நிம்மதியாக உண்டேன். மே மாதத்துச் சென்னையில் முப்போதும் வியர்வையில் நீராடுவதற்குத் தனியே முயற்சி வேண்டியதில்லை. மூன்று வருஷம் என்பதற்கு மாத்திரம் சற்றே திகைத்திருந்தேன். அதற்குள் ஏஜெண்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்று வருஷத்து வருமான வரித் தாக்கல் வேண்டும் என்று சொல்லி என் ஐயத்தைத் தீர்த்துவைத்தார்.

கிரியை இடம்பெயர்ந்த காலத்தையும் ஓரளவு நிச்சயித்துச் சொல்லலாம். காந்தியடிகள் 1888-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது பம்பாயில் அவருடைய சாதியார் கூடி அவரை விலக்கிவைத்தார்கள் என்பதும், 1891-ல் அவர் திரும்பியதும் தமையனார் அவரை நாசிக்குக்கு அழைத்துப்போய்ப் புண்ணிய நதியில் ஸ்நானம் செய்வித்தார் என்பதும் யாவரும் அறிந்தவை. அதே 1891-ஆம் வருஷம் ஜனவரியில், ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து ‘அகுஸ்டா விக்டோரியா’ என்னும் நீராவிக் கப்பல், சரக்கு ஏற்றிச் செல்வதற்கோ குடியேறுவோரைக் கொண்டுபோவதற்கோ அன்றி, குளிர்காலத்தில் சும்மா கிடக்க வேண்டிய கப்பலைச் சும்மா விடலாகாது என்ற ஆல்பர்ட் பாலின் என்பாரின் யோசனைப்படி, மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இன்றைய உல்லாசக் கப்பற்பிரயாணத்தின் தோற்றுவாய் என்று இதனைக் கூறுவார்கள். ஒருபுறம் நாசிக்கில் பிந்தைய பிராயச்சித்தமும், மறுபுறம் மத்தியதரைக் கடலில் காரணமற்ற கடற்பிரயாணமும் ஒரே வருஷத்தில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட ஆராய்ச்சியாளன் உள்ளம் ஒப்பவில்லை.

அதற்கும் முன்னே சொற்ப காலம் கிருதயுகம்போல் ஒன்று இருந்தது. 1867-ல் ‘குவேக்கர் சிட்டி’ என்னும் கப்பலில் ஐரோப்பாவையும் புண்ணிய பூமியையும் பார்க்கப் புறப்பட்ட அமெரிக்கக் கூட்டத்தில் மார்க் ட்வைனும் இருந்தார். செவஸ்தபோல் துறைமுகத்தை அடைந்தபோது அவர் கையில் இருந்தது தம்முடைய பாஸ்போர்ட் அன்று. கான்ஸ்டாண்டினோப்பிளில் தங்கிவிட்ட தம் அறைத்தோழருடையது. அதிலுள்ள அங்க அடையாளங்களுக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையே என்று நடுங்கிக்கொண்டு அவர் ரஷ்யாவுக்குள் புகுந்தார். ஒருவரும் கேட்கவில்லை, கப்பலின் உச்சியில் பறந்த கொடியே போதும் என்று விட்டுவிட்டார்கள். பின்னாளில் அதைப் புத்தகத்திலும் எழுதி அவர் பொருள் ஈட்டினார். முதல் உலக யுத்தம் இந்த நிலையை முடித்துவைத்தது. 1920-ல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய மகாநாடு பாஸ்போர்ட்டுக்கு இன்னது அளவு, இன்னது வடிவம் என்று விதித்தது. நம் நாட்டிலும் அவ்வருஷமே பாஸ்போர்ட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

இங்கே ‘விசா’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்வது முறை. இலத்தீன் மொழியில் இதற்குப் ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள்; பார்க்கப்பட்ட காகிதம் என்பது முழுத்தொடர். யாரால், எப்போது, எதற்காகப் பார்க்கப்பட்டது என்பதைச் சொல் சொல்லவில்லை. வாசகர் இச்சொற்பொருளைக் கட்டுரை முடியும்வரை மறவாதிருக்க வேண்டுகிறேன். காகிதத்தைப் பார்த்து ஆளை விடும் இம்முறையை மேனாட்டார் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வாருக்கு மறுப்பாக, கௌடலீயத்தில் முத்திராத்தியக்ஷன் என்றோர் அதிகாரியே இருப்பதை எடுத்துக்காட்டலாம். அவன் ஒரு மாஷம் பெற்றுக்கொண்டு முத்திரை கொடுக்க வேண்டும். முத்திரை உடையவனே நாட்டுக்குள் புகவும் வெளியேறவும் உரியவன். இன்றேல் 12 பணம் தண்டம். ஒரு பணத்துக்குப் 16 மாஷம் ஆகையால், முத்திரை வாங்குவதைக் காட்டிலும் வாங்காமல் அகப்பட்டுக்கொள்வது 192 மடங்கு செலவு. இந்நூலின் சுவடியை மைசூர்ச் சர்க்கார் புத்தகசாலையில் கொண்டுவந்து சேர்த்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்பதும், அதை சாமசாஸ்திரியார் 1909-ல் பதிப்பித்தார் என்பதும் தஞ்சைக்காரர்களுக்குப் பெருமை தருவன. நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழனுடைய புலிமுத்திரை இடப்பட்டதைச் சொல்கிறது. ஆனால் அங்கே முத்திரை மூட்டைகளுக்கு இடப்பட்டது. மூட்டையோடு வந்த யவனனுக்கு இடப்படவில்லை. மூட்டையைக் காட்டிலும் மனிதனைச் சந்தேகிக்கும் நிலை பிற்பட்டது.

இனி, நாங்கள் செய்த விசாவைப் பற்றி. ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்து ஒரே விசாவாக வழங்கும் ஷெங்கன் விசா அது. ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டில் மோசெல் நதிக்கரையிலுள்ள சிற்றூர். பிரான்ஸும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் சந்திக்கும் இடம். 1985-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அவ்வூரில் கூடி உடன்படிக்கை செய்தார்கள். எங்கே அமர்ந்து கையெழுத்திட்டார்கள் என்பதில்தான் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி இருக்கிறது: ‘பிரின்செஸ் மாரி-அஸ்ட்ரிட்’ என்னும் உல்லாசப் படகில்! ஆக, எந்த விசாவைப் பெறாமல் நாங்கள் கப்பலேற முடியாதோ, அந்த விசாவின் ஜன்மஸ்தலமே ஒரு கப்பல்தான். நோயும் மருந்தும் ஒரே மூலிகையிலிருந்து வந்தது போன்ற இந்த அதிசயத்தை விசா நிலையத்தில் வரிசையில் நின்றிருந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் தம்முடைய டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கர்மாவுக்கும் முதலில் சங்கல்பம் செய்ய வேண்டும். இன்ன த்வீபத்தில், இன்ன தேசத்தில், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன திதியில், இன்ன கோத்திரத்தில் பிறந்த இன்னான், இன்ன பலனை விரும்பி, இதைச் செய்கிறேன் என்று சொல்வது சங்கல்பம். விசாவுக்கு முதற்கண் எழுத வேண்டிய ‘கவரிங் லெட்டர்’ என்பதும் அட்சரம் பிசகாமல் இதுதான். எங்கே போகிறாய், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாரோடு, யார் செலவில், எதற்காக என்பவற்றை அதில் முறையாகச் சொல்ல வேண்டும். ‘எதற்காக’ என்பதற்கு உண்மையை எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும்: என் மனைவி, சம்பந்தி வீட்டார் கப்பலில் போய்வரப் போவதைக் கேள்வியுற்றாள். ஏஜெண்ட் அதை ஏற்காமல், கிரேக்க நாகரிகத்தில் எனக்குச் சிறுபிராயம் முதல் இருந்துவந்த ஈடுபாட்டைப் பற்றி ஒரு பாரா எழுதிச் சேர்த்தார். அதை நான்கைந்து முறை படித்ததில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சங்கல்பத்தில் சுலபமாகக் கடந்துபோகும் கோத்திரமும் பெயரும் விசாவில் பெரும் வியாகரணச் சிக்கலை உண்டாக்குகின்றன. விண்ணப்பத்தின் முதல் வினா குடும்பப் பெயர். இரண்டாம் வினா பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர். மூன்றாவதாகத்தான் சொந்தப் பெயர் வருகிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்து ஒன்று உண்டு. அதை விரித்தால் தகப்பனார் வருவார். ஆகவே என் குடும்பப் பெயர் என் தகப்பனாருடைய பெயர் என்றும், என் மனைவியின் தலைப்பெழுத்து நானாகையால் அவளுடைய குடும்பப் பெயர் என் பெயர் என்றும், பிறந்தபோது அவளுக்கிருந்த குடும்பப் பெயர் என் மாமனாருடைய பெயர் என்றும் எழுதினோம். எங்கள் மகளையும் அழைத்துப் போவதாக இருந்தால் அவளுடைய குடும்பப் பெயர் மாப்பிள்ளையின் பெயராக இருக்கும். ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றை முப்பது வருஷம் உண்ட மூவர், மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று இதனால் ஏற்படுகிறது. காகிதத்தைப் பரிசீலித்த பெண், எங்களிருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இல்லையே என்று மரியாதையோடு ஐயுற்றாள். கல்யாணத்தைப் பதிவு செய்த சான்றிதழ் கேட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் வந்து பந்தியில் உண்டார்கள் என்பது அந்த அலுவலகத்தில் அத்தாட்சி ஆகாது. நாற்பது வருஷத்துக்குப் பின் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் போய் எங்கள் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு வந்தோம். அதற்குப் பத்திரிகை வேண்டியிருந்தது. பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், என் மாமியாருடைய ஜாதகத்தைச் சுற்றிவைத்திருந்த காகிதமாக அது கிடைத்தது.

நிலையத்தில் என் முறை வந்தபோது ஒலிபெருக்கியில் என் தகப்பனாரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தகப்பனார் பெயரைக் கேட்டால் மரியாதையோடு வாய்பொத்தி இருப்பதுதான் எனக்குப் பழக்கமேயன்றி, ‘இதோ’ என்று எழுந்து நிற்பது பழக்கமன்று. மூன்றாம் முறை கூப்பிட்டபோது என் மனைவி முழங்கையால் இடித்து, “என்னங்க, உங்க அப்பாவைத்தான் கூப்பிடறாங்க, எழுந்திருங்க” என்றாள். என் தகப்பனார் சமுத்திரத்துக்கு மகா பயந்தவர். வாழ்நாளில் ஒரேயொரு முறை, இராமேசுவரத்துக்குப் போகும்போது, பாம்பன் பாலத்தின் மேல் இரயில் ஊர்ந்த நேரம் முழுவதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் காலமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு, அவர் பெயரால் நான் எழுந்துபோய், கடலில் உல்லாசமாக உலவ அனுமதி வேண்டினேன்.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45, பின்னணி வெளுப்பு, சிரிக்கலாகாது. உல்லாசத்துக்குப் போகிறவன் உல்லாசமாக இருக்கிறான் என்பதற்கு முகத்தில் யாதொரு அறிகுறியும் தென்படக்கூடாது என்பது இவ்விதியின் கருத்து. மாம்பலத்து ஸ்டூடியோக்காரர், “சார், வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடறப்ப எப்படி இருந்தீங்களோ அப்படி இருங்க” என்றார். ஒரே முயற்சியில் அமைந்துவிட்டது.

தட்சிணை, அதாவது விசாக் கட்டணம், 2024-ஆம் வருஷம் ஜூன் முதல் தலைக்கு 90 யூரோ. நிலையத்தாருடைய கூலி தனி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அக்கட்டணம் திரும்பி வராது. வேள்வி பலிக்கவில்லை என்று தட்சிணையைத் திருப்பிக் கேட்டவர் முன்பும் இல்லை. கட்டணத்தைக் காட்டிலும் உபத்திரவமானது, செலவழிக்காத பணத்தைக் காட்ட வேண்டியிருப்பது. ஆறு மாத வங்கிக் கணக்கை முத்திரையோடு தாக்கல் செய்ய வேண்டும். அதில் போதிய தொகை அசையாமல் இருக்க வேண்டும். இதற்காகச் சிலர் மைத்துனரிடம் இரண்டு இலட்சம் இரவல் வாங்கித் தங்கள் கணக்கில் போட்டுவைக்கிறார்கள் என்று கேள்வி. கல்யாணத்துக்கு இரவல் நகை பூண்டு நிற்கும் பெண்ணின் முகத்தைப் போலவே அக்கணக்கும், அந்த இரண்டு இலட்சம் வந்த நாளிலிருந்து இயற்கையாய் இராது, அதிகாரிகள் கண்டுபிடித்துவிடுகிறார்களாம். கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையார், கடல் கடப்பதற்கே பொருளைத் தேடிக் காட்ட வேண்டிய காலம் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இக்கிரியைகளுள் நுட்பமானது, திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி காட்டுவது. எங்கள் நாட்டுக்கு வாருங்கள், வந்தால் போகவே மனம் வராது என்று சுற்றுலா இலாகா ஒரு சுவரில் படம் ஒட்டுகிறது; போகவே மாட்டீர்கள் என்று எங்களுக்கு ஐயமாயிருக்கிறது, போவீர்கள் என்பதை நிரூபியுங்கள் என்று தூதரகம் மறுசுவரில் கேட்கிறது. இதற்கு முன்மாதிரி அநுமனே. கடல் கடந்தவர்களுள் நம் நினைவுக்கு முதலில் வருகிற அவன், இலங்கையின் வாயிலில் அந்நகரைக் காக்கும் தெய்வத்தால் தடுக்கப்பட்டு, யார் நீ, எதற்கு வந்தாய் என்று விசாரிக்கப்பட்டான். அவ்விசாரணையை அவன் முடித்த விதம் இன்று அநுசரிக்கத் தக்கதன்று. ஆனால் காகிதங்களின் விஷயத்தில் அவன் பிழையே செய்யவில்லை: போகும்போது தன்னை அனுப்பியவர் யார் என்பதற்குக் கணையாழி, மீளும்போது போன இடத்தில் போன காரியம் முடிந்தது என்பதற்குச் சூடாமணி. அநுமனுக்கு இருந்த அத்தாட்சிகள் எங்களுக்கு இல்லாமையால், வீட்டுப் பத்திரத்தின் நகலையும் ஓய்வூதிய உத்தரவையும் வைத்தோம். என் மனைவிக்கு அவை போதுமானவையாகத் தோன்றவில்லை. “பங்குனியில போட்ட மாவடு ரெண்டு ஜாடி இருக்குன்னு எழுதச் சொல்லுங்க. அதை விட்டுட்டு யாராவது கிரீஸ்ல போய் உட்காருவாங்களா?” என்றாள். நியாய சாஸ்திரப்படி இது பழுதற்ற அநுமானம். ஏஜெண்ட் எழுத மறுத்துவிட்டார். போதாக்குறைக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பிரயாணக் காப்பீடும் எடுக்க வேண்டும். அது வியாதிக்கும் விபத்துக்கும் மட்டுமன்றி, பிரயாணி அங்கேயே காலமானால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் செலவுக்கும் சேர்த்து. உயிரோடு திரும்புவதற்கு இரண்டு விதமான சான்றுகள் வாங்கிக்கொண்டவர்கள், மற்றோர் அவஸ்தையிலும் திரும்பிவிடுவதற்கு இவ்வாறு வழி செய்துகொள்கிறார்கள்.

அடுத்தது கைரேகை. கிரியைகளில் பவித்திரம் அணிவது மோதிரவிரல் ஒன்றில்தான். விசாவிலோ பத்து விரல்களும் ஈடுபட வேண்டும். நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவரைக் கைநாட்டு என்று சொல்லும் வழக்கமிருக்க, முப்பத்தைந்து வருஷம் கலாசாலையில் பாடம் சொன்ன நான் கண்ணாடித் தகட்டில் பத்து விரலாலும் கைநாட்டு வைத்தேன். உலகத்தில் முதன்முதலாகக் கைரேகைக் காரியாலயம் ஏற்பட்டது 1897-ல் கல்கத்தாவில் என்பதை எண்ணி, நாம் கொடுத்த வித்தையே நம்மிடம் திரும்பி வருகிறது என்று ஆறுதல் கொண்டேன். என் மனைவியின் இடது கட்டைவிரல் பதியவில்லை. துடைத்துப் பார்த்தார்கள், ஈரப்படுத்திப் பார்த்தார்கள், அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் புளிக்கரைசலும் நாற்பது வருஷமாகத் தேய்த்த விரலில் ரேகையே இல்லை. அவ்விரலைக் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். எஞ்சியவை ஐரோப்பாவில் ஐந்து வருஷம் வரை பாதுகாக்கப்படும்.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழுகிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் புகும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தரையில் தங்குவோருக்கு இதில் சங்கடமில்லை. கப்பலில் உறங்குவோன் எந்த நாட்டில் தங்கினான்? என் சம்பந்தி, கணக்குத் தணிக்கை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், இவ்வினாவை மூன்று வாரம் ஆராய்ந்தார். அவருடைய கப்பல் பார்சிலோனாவில் புறப்பட்டு மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வலெட்டா ஆகிய துறைகளைத் தொட்டுப் பார்சிலோனாவுக்கே மீள்வது. பகலில் நாடுகள், இரவில் நீர். உறங்கும் நேரத்தில் அவர் எந்தத் தேசத்திலும் இல்லை. கப்பலோ பனாமாவில் பதிவானது, பனாமாக் கொடி பறப்பது. ஆகையால் சட்டப்படி தாம் ஏழு இரவும் பனாமாவில்தான் உறங்குகிறார் என்றும், ஸ்பெயின் தூதரகத்தை நாடுவதைக் காட்டிலும் பனாமாவை நாடுவதே நேர்மை என்றும் அவர் முடிவு கட்டினார். “துறைமுகத்தை எண்ணுங்க சார், இத்தாலி மூணு, இத்தாலிக்குப் போடுங்க” என்று அவருடைய ஏஜெண்ட் அரை நிமிஷத்தில் சித்தாந்தத்தை உரைத்தார். சம்பந்தி அதை ஏற்றுக்கொண்டாரேயன்றி ஒப்புக்கொள்ளவில்லை.

எங்களுடையது வேறு வகைச் சிக்கல். எங்கள் கப்பல் பிரேயஸில் புறப்பட்டு மிக்கோனோஸ் தீவைத் தொட்டு, மறுநாள் காலை துருக்கியின் குஷாதாஸித் துறைக்குப் போய், அன்று மாலையே கிரேக்கத்தின் பாட்மோஸ் தீவுக்கு மீண்டு, பின்னர் ரோட்ஸ், ஹெராக்லியான், சாந்தோரினி என்று சுற்றி வருவது. காலையில் துருக்கிக்குப் போகிறவன் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிடுகிறான். மாலையில் மறுபடியும் நுழைகிறான். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தால், ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே அந்த ஒருமுறை செலவாகிவிடும். அப்புறம் பாட்மோஸில் இறங்க உரிமையில்லை. தாயகத்துக்குத் திரும்பும் விமானமோ ஏதென்ஸில் காத்திருக்கும். ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும். பிரவேசம், நிர்க்கமனம், புனப்பிரவேசம் என்ற இம்மூன்றையும் ஏஜெண்ட் ஒரு சிவப்பு மசிக் கோட்டால் விளக்கி, “‘மல்டிபிள்’னு இருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் உங்க பேரைப் பாருங்க” என்று எச்சரித்தார். குஷாதாஸி என்ற பெயரைக் கேட்டதும், குசம் என்னும் தர்ப்பையும் தாசியும் சேர்ந்த வடசொல்லாக இருக்கலாம் என்றும், அங்கே வைதிக கர்மாக்கள் நடந்திருக்க வேண்டும் என்றும் எனக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. என் சித்தாந்தத்துக்கு இதனினும் சிறந்த சான்று கிடைக்காது. துருக்கியில் அதற்குப் பறவைத் தீவு என்றுதான் பொருளாம். ஆராய்ச்சியில் இத்தகைய இழப்புகள் நேர்வது சகஜம்.

பாஸ்போர்ட்டுகள் பிரசாதம்போல் மூடி முத்திரையிட்ட உறையில் வந்தன. என் மனைவி விளக்கேற்றிய பிறகுதான் பிரிக்கவிட்டாள். ‘மல்டிபிள்’ என்று இருந்தது. என் குடும்பப் பெயரின் இடத்தில் என் தகப்பனார் இருந்தார். அவளுடையதில் நான் இருந்தேன்.

ஏதென்ஸ் விமான நிலையத்தில் ஓர் இளைஞர் விசாவை ஒரு கணம் பார்த்தார், முத்திரை குத்தினார், அடுத்தவரை அழைத்தார். நான்கு மாதம் செய்த கிரியைக்கு அந்த ஒரு கணமே சாக்ஷி. பிரேயஸில் கப்பலேறியதும் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக் கப்பல் அலுவலகத்தில் பூட்டிவிட்டார்கள். குஷாதாஸியில் இறங்கி எபேசஸின் சிதைவுகளைப் பார்த்து வந்தோம். மாலையில் பாட்மோஸ். நான் பெரிதும் பயந்திருந்த புனப்பிரவேசம் நிகழவேண்டிய இடம் அதுதான். மறுபிரவேசத்துக்கு வேண்டிய விடைகளையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். படகுத்துறையில் ஒரு கிழவரும் ஒரு நாயும் இருந்தார்கள். கிழவர் எங்களைப் பார்த்தார். காகிதம் எதையும் பார்க்கவில்லை. ‘பார்க்கப்பட்டது’ என்னும் பெயருடைய பொருள் அப்போது கப்பலின் பெட்டகத்துக்குள் ஒருவராலும் பார்க்கப்படாமல் கிடந்தது. கப்பலில் அறையைத் துப்புரவு செய்யும் பையன் நாள்தோறும் காலையில் என் தகப்பனார் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் கூறினான். மூன்றாம் நாள் முதல் நான் திருத்தவில்லை; சமுத்திரத்தை அவரும் சற்றுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தோம். சாட்சியாகக் காட்ட விடாத மாவடு ஜாடிகளில் ஒன்று, நாங்கள் இல்லாத நாட்களில் மகளால் காலியாகியிருந்தது. விசா இப்போது காலாவதியாகிவிட்டது. எங்களிருவருடைய பத்தொன்பது விரல்களின் ரேகைகள் இன்னமும் ஐரோப்பாவில் இருக்கின்றன. இருபதாவது விரல் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருக்கிறது.